உறை கழற்றும் திரவம்: ‘தானே குணமாதல்’ பற்றிய ஸ்டீவர்ட் கொள்கை, ஒரு மறுப்பு

செம்மறி, வெள்ளாடுகளின் நான்காம் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் புழு வெளியிடும் பொருள்களைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் ஒரு திரவத்திலிருந்தே தொடங்குகிறது. மூன்றாம் நிலை இளம்புழு தன் மேலுறையைக் கழற்றும்போது கசியும் திரவம் அது. ஆட்டுக்குள் தங்கியிருந்த முதிர்ந்த புழுக்கள் மொத்தமாக வெளியேறிவிடும் நிகழ்வை 1929இல் நார்மன் ஸ்டால் ‘தானே குணமாதல்’ என்றார். அதற்கு இத்திரவத்தால் எழும் ஒவ்வாமையே காரணம் என்று 1950களில் ஆஸ்திரேலியாவின் டி. எஃப். ஸ்டீவர்ட் வாதிட்டார். அவருடைய சோதனைகளை ஏற்கிறேன். அவற்றின் முடிவை மேய்ச்சல் நிலம் முழுமைக்கும் விரிப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஸ்டீவர்ட்டின் சான்றுகள் வலுவானவை. ஏற்கெனவே புழு தாக்கிய ஆட்டுக்குப் புதிதாக இளம்புழுக்களைப் புகட்டினால், சில நாள்களில் இரத்தத்தில் ஹிஸ்டமின் உயர்ந்தது. இரைப்பைச் சவ்வு வீங்கியது. பழைய புழுக்கள் வெளியேறின. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து கொடுத்தபோது இந்த விளைவு தணிந்தது. ஒவ்வாமை நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தத் திரவம், எந்த இடத்தில்?

இளம்புழு போர்த்தியிருக்கும் உறை, அதன் இரண்டாம் நிலைத் தோல். ஹீமாங்கஸ் அதைக் கழற்றுவது முதல் இரைப்பையில். அங்குள்ள கரிவளி, வெப்பம், அமிலநிலை ஆகியவற்றின் தூண்டுதலால் புழு திரவத்தைச் சுரக்க, அது உறையின் முன்முனையருகே வளையமாக அரிக்கிறது; முனை மூடிபோல் கழன்றுவிடுகிறது. ரோஜர்ஸ், சோமர்வில் இருவரும் விரிவாக ஆராய்ந்தது இந்நிகழ்வையே. முதல் இரைப்பையின் சுவரோ தடித்த, கொம்புப்பொருள் படிந்த புறத்தோல் கொண்டது. அங்கே சில மணி நேரத்தில் கசிந்து முடியும் திரவம், நாள்கள் கழித்து நான்காம் இரைப்பையில் வீக்கம் உண்டாக்கியதென்பது எளிதில் பொருந்தவில்லை.

இந்த இடர்ப்பாட்டுக்கு விடை 1960இல் வந்தது. சோல்ஸ்பியும் ஸ்டீவர்ட்டுமே இணைந்து எழுதிய கட்டுரை, தூண்டுபொருளை அடுத்த தோலுரிப்போடு, அதாவது மூன்றாம் நிலை நான்காம் நிலையாக மாறும் கட்டத்தோடு, இணைத்தது. இது நடப்பது நான்காம் இரைப்பையில். பின்வந்தோர் பலர் இதைச் சிறு திருத்தமாகவே கடந்து போனார்கள். என் பார்வையில் இது சிறு திருத்தமன்று. திரவம் வேறு, உறுப்பு வேறு, நாள் வேறு. ஸ்டீவர்ட் இந்தக் கருத்துக்கு எப்போது வந்தார் என்பதை 1953க்கும் 1960க்கும் இடையில் என்பதற்குமேல் துல்லியமாகச் சொல்லத் துணியமாட்டேன்.

1973இல் ஆலன்பி, அர்க்கார்ட் இருவரும் கென்யாவிலிருந்து எதிர்ச்சான்று தந்தனர். மழைக்குப் பின் குட்டிகளும் பெரிய ஆடுகளும் ஒரே நேரத்தில் குணமாயின. புதிய இளம்புழுக்கள் உள்ளே போகாமலும் அது நிகழ்ந்தது. துளிர்ப்புல்லே காரணமாகலாம் என்றனர்.

திருவண்ணாமலை வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகிறது. சித்திரை, வைகாசியில் காய்ந்து கிடக்கும் மலையடிவாரமும் ஏரிப் புறம்போக்கும் ஆடி முதல் கார்த்திகை வரையான மழையில் துளிர்க்கின்றன. அதே மழைதான் புழுக்கைக்குள் இருக்கும் இளம்புழுக்களையும் புல்நுனிக்கு ஏற்றுகிறது. துளிரும் திரவமும் ஒரே வாயில் போகின்றன. போதாததற்கு, துளிர் தின்ற ஆட்டின் சாணம் இளகுவதால் ஒரு கிராமுக்கான முட்டை எண்ணிக்கை தானாகவே குறைந்து தெரியும். புழு வெளியேறிவிட்டதென்று அதை எழுதிவிட முடியாது. ஆகவே இங்கே மழைக்காலத்தில் முட்டை குறைந்ததென்ற பதிவு மட்டும் ஸ்டீவர்ட்டையும் நிறுவாது, கென்ய முடிவையும் நிறுவாது. ஒவ்வாமை ஒரு வழி, துளிர் இன்னொரு வழி, இரண்டும் உண்மை என்றே நினைக்கிறேன். இதற்கான சான்று மெலிந்தது என்பதையும் அறிவேன்.

வெளியேற்றப் பொருள்களைத் தடுப்பூசியாக்கும் முயற்சி தொடர்ந்தது. 1997இல் நெதர்லாந்தில் ஷாலிக், வான் லீயுவன் இருவரும் 15, 24 கிலோடால்டன் எடையுள்ள இரு புரதங்களால் செம்மறிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்ததைக் காட்டினர். ஆயினும் 2014இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்த பார்பர்வாக்ஸ், புழு வெளியிடும் பொருளால் ஆனதன்று. அதன் குடற்சவ்வுப் புரதங்களால் ஆனது.

ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் 50 மில்லி. தாடையில் நீர் கோத்து ஆடு சாய அது போதும். நம் கால்நடை ஆய்வாளர்கள் ஒரு பட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மேய்ச்சலுக்கு விட்டு, மறுபாதிக்கு ஆடு மேயாத நிலத்தில் அறுத்த பசும்புல்லைக் கொட்டிலிலேயே போட்டு, சாணத்தின் ஈரத்தையும் கணக்கிட்டு முட்டை எண்ண வேண்டும். அடுத்த ஆடி மழைக்கு முன்பே அதைத் தொடங்க வேண்டும்.