வேகமா, இலக்கா? – கணித வகுப்பும் சிங்கப்பூரின் தரம்பிரிப்பு வரலாறும்

ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) எழுதி முடிக்கப்பெற்ற ‘முகத்திமா’வில், வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) கற்பிக்கும் நெறி குறித்துத் தனியே ஆராய்ந்துள்ளார். எக்கலையையும் மூன்று சுற்றுகளில் கற்பிக்க வேண்டும் என்பது அவர்தம் துணிபு. முதற்சுற்றில் அடிப்படைகள் மட்டும். இரண்டாவதில் விளக்கங்களும் கருத்து வேறுபாடுகளும். மூன்றாவதில் எஞ்சிய சிக்கல்கள் அனைத்தும். சிலர் இதனினும் குறைந்த சுற்றுகளில் தேர்ச்சி பெறுவர் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். மாணவர் ஆற்றல் வேறுபடும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர் கருத்தில் வேறுபடுவது வேகமே. சென்றடையும் இடம் ஒன்றுதான்.

இந்த நுட்பமான வேறுபாட்டை ஒரு நாட்டின் கல்வி வரலாறு நாற்பத்தைந்து ஆண்டுகளில் நமக்குக் காட்டித் தந்துள்ளது. அந்நாடு சிங்கப்பூர். கடையநல்லூரிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் பிள்ளைகளும் அவ்வரலாற்றுக்கு உட்பட்டவர்களே.

1978இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் அமைந்த குழு, 1979இல் தன் அறிக்கையை அளித்தது. கல்வியில் நேரும் ‘விரயம்’ தொடக்கநிலையில் 29 விழுக்காடு, உயர்நிலையில் 36 விழுக்காடு என அது கணக்கிட்டது. பிள்ளைகளுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலமோ மாண்டரினோ பேசாதவர்கள் என்பதையும் அது சுட்டியது. புரியாத மொழியில், எல்லாருக்கும் ஒரே வேகத்தில் கற்பித்ததே தோல்விக்குக் காரணம் என்பது குழுவின் முடிவு. அதற்கு அது கண்ட மருந்தே தரம்பிரித்தல்.

தொடக்கத்தில் இம்மருந்து பெரும்பாலும் வேகம் பற்றியதாகவே இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உயர்நிலையில் சிறப்புநிலை, விரைவுநிலை மாணவர்கள் நான்கு ஆண்டுகளில் சாதாரணநிலைத் தேர்வை எழுதினர். வழக்கநிலை மாணவர்கள் நான்காம் ஆண்டில் ஒரு தேர்வு எழுதி, அதில் தேறியவர்கள் ஐந்தாம் ஆண்டில் அதே சாதாரணநிலைத் தேர்வை எழுதலாம். பயணம் நீண்டது, ஊர் ஒன்றே.

எனினும் ஒரு பெருங்குறை அப்போதே இருந்தது. பன்னிரண்டு வயதில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணே பிள்ளையின் நிலையைத் தீர்மானித்தது. மொழிப்பாடங்களும் கணிதமும் அறிவியலும் ஒரே எண்ணில் கரைந்தன. கணக்கில் கூர்மையும் ஆங்கிலத்தில் தடுமாற்றமும் உள்ள பிள்ளை, கணிதத்தையும் மெதுவான வகுப்பிலேயே பயில நேர்ந்தது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு, அங்குத் தமிழ்வழி உயர்நிலைக் கல்வியும் முடிவுற்றது. அதன்பின் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கில வகுப்பறையில்தான் கணிதம் கற்றனர். சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்தும் வினாவின் வாசகம் விளங்காத பிள்ளையை, கணிதம் வராத பிள்ளை என்று எண்ணிவிடுவது எத்துணை எளிது! 1982இல் மெண்டாக்கியும் 1991இல் சிண்டாவும் தோன்றித் துணைப்பாட வகுப்புகளை நடத்தியதன் தேவை இங்கேதான் விளங்கும்.

1994இல் வழக்கநிலை, ஏட்டுக்கல்வி என்றும் தொழில்நுட்பம் என்றும் இரண்டாகப் பிரிந்தது. தொழில்நுட்பப் பிரிவினர்க்குத் தொழிற்கல்விக் கழகத்தை நோக்கிய தனிப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. கணிதமும் அவ்வாறே சுருக்கப்பட்டது. இதன் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. முன்னர் இடையில் நின்றுவிட்ட பிள்ளைகள் பலர் பள்ளியில் நிலைத்தனர். படிப்பை நிறுத்துவோர் விகிதம் பின்னாளில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் இப்போது வேறுபட்டது வேகமன்று, இலக்கே. கணிதம் படிக்கட்டு போன்ற கலை. இயற்கணிதத்தில் ஒரு படியை நீக்கிவிட்டால், ‘பிறகு மேலே ஏறிக்கொள்ளலாம்’ என்னும் அனுமதி ஏட்டளவில் இருந்தும் பயனில்லை. விடுபட்ட பாடத்தைக் கற்பிப்பார் யார்?

அனைத்துலகக் கணித ஒப்பீடுகளில் சிங்கப்பூர் முதலிடம் பெற்று வந்த காலமும் இதுவே. 2022ஆம் ஆண்டு பீசா மதிப்பீட்டில் அதன் கணிதச் சராசரி 575. பங்கேற்ற அனைத்திலும் அதுவே உயர்ந்தது. சிறந்த சராசரியைத் தரம்பிரித்தலின் வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. ஆயின், இத்தகைய வெற்றியை ஈட்டிய நாடே அம்முறையைக் கைவிட முன்வந்தது சிந்திக்கத்தக்கது. ‘வழக்கநிலை’ என்னும் பெயர் பிள்ளையின் நெற்றியில் எழுதப்பட்ட முத்திரையாகிவிட்டது என்பதை அரசே உணர்ந்தது. 2019 மார்ச்சில் அன்றைய கல்வி அமைச்சர் ஓங் யீ காங் மாற்றத்தை அறிவித்தார். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து பழைய நிலைகள் நீங்கின. இவ்வணியினர் 2027இல் எழுதும் வகையில் பொதுச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றும் வகுக்கப்பட்டது.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். கணிதத்தில் தரம்பிரித்தல் ஒழிந்துவிடவில்லை. ஜி1, ஜி2, ஜி3 என்னும் மூன்று நிலைகளில் அது தொடர்கிறது. மாறியது அதன் அலகு. ஓவியம், இசை, உடற்கல்வி முதலிய பாடங்களை எல்லாரும் கலந்தமர்ந்து பயில்வர். மொழியில் ஜி1 நிலையிலுள்ள பிள்ளை, கணிதத்தில் ஜி3 பயிலத் தடையில்லை. இறுதியாண்டுத் தேர்வின் கணிதத் தாளில் ஐந்தாம் அடைவுநிலையோ அதனினும் மேலோ பெற்றால் அவ்வாய்ப்பு உண்டு. பள்ளியில் காட்டும் தேர்ச்சியைக் கொண்டு பின்னரும் உயரலாம். நாற்பதாண்டுகளாகக் கரைந்து கிடந்த கணித மதிப்பெண், தன் உருவத்தை மீளப் பெற்றது எனலாம்.

பள்ளிகளை நடத்துவோரும் பெற்றோரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க உரைகல் ஒன்று உண்டு. மெல்லக் கற்போருக்கெனத் தனி வகுப்பு அமைப்பது தானே குற்றமாகாது. அவ்வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் மேல்வகுப்புக்குச் சென்றனர் என்று கேளுங்கள். எண்ணிக்கை இருந்தால் அது இப்னு கல்தூன் கூறிய கூடுதல் சுற்று. ஒருவருமே இல்லையெனில், அது வகுப்பன்று; பன்னிரண்டு வயதில் எழுதப்பட்ட தீர்ப்பு.