துணியால் செய்த கடல்

கையில் இருப்பது சுமார் 50,000 டாலர். எடுக்க வேண்டியது கடலுக்குள்ளிருந்து மேலே வரும் ஒரு நகரம், மலை அளவுக்கு ஒரு ஜந்து, லூசியானா சதுப்புநிலத்தில் நடக்கும் நரபலி. எங்க ஆபீஸா இருந்தா முதல் மீட்டிங்கிலேயே பாதியை வெட்டியிருப்போம். ஆண்ட்ரூ லேமன் இயக்கி, ஷான் பிரானி திரைக்கதை எழுதி, 2005-ல் வந்த 'தி கால் ஆஃப் கதுலு' இது எதையும் வெட்டவில்லை. காலத்தைத்தான் மாற்றிக்கொண்டது.

எச்.பி. லவ்கிராஃப்ட் இந்தக் கதையை எழுதியது 1926-ல். 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகை முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பி, பிறகு 1928 பிப்ரவரி இதழில் போட்டது. இதையெல்லாம் படமாக எடுக்கவே முடியாது என்று ரசிகர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லேமனும் பிரானியும் கேட்டது வேற கேள்வி: கதை வந்த சூட்டோடு யாராவது எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்? கருப்பு வெள்ளை, மௌனப்படம், வசனத்துக்கு டைட்டில் கார்டு. மொத்தமே 47 நிமிடம்.

பட்ஜெட் பிரச்சினை அங்கேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது. அட்டையும் பலகையும் வைத்துக் கோணல்மாணலாகச் சுவர் எழுப்பினால் இன்றைய படத்தில் அது மட்டமான செட். மௌனப்பட உலகத்தில் அதுவே 1920-ல் வந்த ஜெர்மானியப் படமான 'டாக்டர் கலிகாரி'யின் வாரிசு. ஜந்துவுக்கு ஸ்டாப் மோஷன்; 1925-லேயே 'தி லாஸ்ட் வேர்ல்ட்' டைனோசர்களை அப்படித்தான் நடக்கவிட்டது. கடல், பளபளக்கும் துணி. படம் பிடித்தது என்னவோ டிஜிட்டல் வீடியோவில்தான். பிறகு அதில் கீறலும் புள்ளியும் ஏற்றிப் பழசாக்கினார்கள். நாம மெனக்கெட்டு நீக்குற நாய்ஸை அவங்க மெனக்கெட்டுச் சேர்த்திருக்காங்க!

ஆனால் இதை வெறும் சிக்கன வித்தை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூலக்கதையில் மனிதர்கள் நேருக்கு நேர் பேசுவதே குறைவு. இறந்துபோன ஒரு பேராசிரியரின் பெட்டியில் கிடைத்த குறிப்புகள், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் சொன்ன விவரம், செய்தித்தாள் துண்டு, ஒரு மாலுமி எழுதி வைத்த காகிதம், இவ்வளவுதான் கதை. படிக்கிறவன் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்க்கப் பார்க்கத்தான் பயம் வருகிறது. திரையில் எழுத்தைப் படிக்கவைக்கும் மௌனப்படம் இதற்குப் பொருந்தாமல் வேறெது பொருந்தும்?

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. லவ்கிராஃப்ட் இனவெறியர், இந்தக் கதையிலும் அது ஒளிந்திருக்கவில்லை. கதுலுவைக் கும்பிடுகிறவர்களைக் கலப்பினத்தவர், வெள்ளையரல்லாதவர் என்று சொல்லிச் சொல்லியே அருவருப்பை ஏற்றுகிறார். என் தோல் நிறமும் அவர் பட்டியலில் எங்கோ இருக்கும் என்ற நினைப்போடுதான் நான் அவரைப் படிக்கிறேன். டைட்டில் கார்டில் அத்தனை அடைமொழிக்கும் இடமில்லை என்பதால் படத்தில் அந்த வெறுப்பு மெலிந்திருக்கிறது. சதுப்புநிலத்தில் தீயைச் சுற்றி ஆடும் கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் கதை நிற்குமா? நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். முயன்று பார்த்திருக்கலாம்.

முதல் தடவை அந்தத் துணிக்கடலைப் பார்த்துச் சிரிச்சேன், உண்மையைச் சொல்லணும்ல. மாலுமிகள் அந்தக் கோணல் நகரத்தில் கால் வைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் எது உள்ளே போகிறது, எது வெளியே துருத்துகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. கதையில் அவர் எழுதியதும் அதைத்தான்.

லைட்டை அணைச்சிட்டு, ஹெட்போன் மாட்டிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.