பழைய ஆங்கில வீரக் கவிதையின் சொல்லாட்சி

ஆங்கிலோ-சாக்சன் வீரக் கவிதைகளில் நீளத்தாலும் புகழாலும் முதலிடம் ‘பேவுல்ஃப்’ காப்பியத்துக்கு. 3182 அடிகள். இயற்றியவர் யாரென்று தெரியாது. காலம் 8ஆம் நூற்றாண்டா, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கமா என்ற வழக்கும் தீரவில்லை. எஞ்சியிருப்பது கி.பி. 1000ஐ ஒட்டி இரு எழுத்தர்கள் படியெடுத்த ஒரே சுவடி. 1731இல் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைத் தீயில் அதன் ஓரங்கள் கருகின. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

காப்பியத்தின் வீரன் பேவுல்ஃப் பேருருவினன், அவன் கைப்பிடியில் முப்பது பேரின் வலிமை உண்டு. உடலைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்லாட்சி பார்த்துக்கொள்கிறது. ஒவ்வோர் அடியும் இரு பாதிகளாகப் பிரியும். அவற்றை மோனை பிணைக்கும். வேண்டிய எழுத்தில் மோனை அமைய வேண்டுமே! அதனால் ‘பெயோர்ன்’, ‘குமா’, ‘ரிங்க்’ என வீரனைக் குறிக்கும் சொற்கள் பெருகின. ஒருவனையே அடுத்தடுத்து எக்தேயோவின் மகன், கேயட் குடியின் தலைவன், படைக்குக் காவலன் என்று அழைப்பதும் வழக்கம். யாப்பின் நெருக்கடிதான் என்றாலும், குலமும் கடமையும் இல்லாமல் வீரனை நினைக்கவே முடியாதபடி அது செய்துவிடுகிறது.

‘கென்னிங்’ எனும் உருவகக் கூட்டுச்சொல் இன்னொரு கருவி. கடல் ‘திமிங்கிலப் பாதை’, உடல் ‘எலும்பு வீடு’, அரசன் ‘வளை வழங்குவோன்’. அரசன் கொடுக்க வேண்டும், வாங்கியவன் போரில் உயிரைத் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் முழுவதும் அந்தக் கடைசிப் பெயரில் அடங்கியிருக்கிறது. எதிர்மறையாலும் புகழ்வார்கள்: குடிபோதையில் தோழர்களை வெட்டாதவன் என்பதும் பேவுல்ஃபுக்குக் கிடைத்த பாராட்டே. அந்தக் கால மண்டபங்களின் நிலவரத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மிகவும் வியப்பூட்டுவது ‘ஆக்லாக்கா’ என்ற சொல். கிரெண்டல் என்ற அரக்கனுக்கும் நெருப்பு கக்கும் நாகத்துக்கும் வருகிற அதே சொல், சிக்மண்ட் என்ற வீரனையும் சுட்டுகிறது. இறுதிப் போரில் பேவுல்ஃபையும் நாகத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. பழைய அகராதிகள் அரக்கனுக்கு ஒரு பொருளும் வீரனுக்கு வேறொரு பொருளும் தந்து சமாளித்தன. கவிஞர் அப்படிப் பிரிக்கவில்லை.

1815இல் அறிஞர் தோர்கெலின் கோபன்ஹேகனில் முதற்பதிப்பை வெளியிட்ட பின் நெடுங்காலம் இக்காப்பியம் வரலாற்றுச் சான்றாகவே தோண்டப்பட்டது. 1936இல் டோல்கியன் ஆற்றிய உரை அதைக் கவிதையாகப் படிக்க வைத்தது. 1953இல் அறிஞர் மகௌன், அதன் தொடர்களில் பெரும்பங்கு வாய்மொழி மரபின் வாய்பாடுகள் என்று வாதிட்டார்.

‘மால்டன் போர்’ என்ற மற்றொரு வீரக் கவிதை 991இல் வைக்கிங்குகளிடம் தோற்ற எசெக்ஸ் தலைவர் பிர்த்னோத்தைப் பாடுகிறது. பகைவரைக் கரையேற விட்ட அவரது செயலுக்குக் கவிஞர் இட்ட பெயர் ‘ஓஃபர்மோட்’. அது செருக்கைக் கண்டிக்கும் சொல் என்றார் டோல்கியன். மிகுந்த துணிவைப் பாராட்டுவது என்று கொள்வோரும் உண்டு.