பெயர் தாங்கிய கலங்கள்

மருந்தின் ஆற்றல் மூலிகையில் மட்டும் இல்லை. அதைக் காக்கும் கலத்திலும் உண்டு. வெறும் சுடுமண் கலம் நீரை உறிஞ்சும், எண்ணெயைக் கசியவிடும். அக்குறை தீர்க்கவே மட்கலத்தின்மேல் கண்ணாடி போன்ற மெருகு ஏற்றும் கலை பயன்பட்டது. வெள்ளீயம் கலந்த வெண்மெருகு இசுலாமிய நாடுகளில் வளர்ந்து, ஸ்பெயின் வழியாக இத்தாலியை அடைந்தது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டு மருந்துக் கடைகளை அணிசெய்த 'அல்பரெல்லோ' என்னும் சாடிகள் அக்கலையின் கனிகளாகும்.

அச்சாடியின் வடிவமே அதன் பயனைச் சொல்லும். நெருக்கமாய் அடுக்கிய வரிசையிலிருந்து நழுவாமல் எடுக்க ஏற்றவாறு இடை சிறுத்திருக்கும். தோலையோ துணியையோ வாய்மேல் போர்த்திக் கயிற்றால் கட்டுதற்கு விளிம்பு புறம் மடிந்திருக்கும். வேறு வடிவச் சாடிகளும் இருந்தன. ஃபிளாரன்ஸ் நகரத்துச் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனைக்கு 1430-31இல் ஜுந்தா தி தூஜோ என்னும் குயவர் ஏறத்தாழ ஆயிரம் சாடிகளை வனைந்தளித்தார். நீல இலைகளுக்கிடையே விலங்கும் பறவையும் உலவும் இருகைப்பிடிச் சாடிகள் பலவற்றில் அம்மருத்துவமனையின் சின்னமான ஊன்றுகோலைக் காணலாம்.

நாளடைவில் சாடியின் உடலிலேயே மருந்தின் பெயரை எழுதும் வழக்கம் பரவியது. அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் இஞ்சியும் ஒன்று. அதனைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் தடம் இலத்தீன், கிரேக்கம், பாலி எனப் பின்சென்று 'இஞ்சிவேர்' என்னும் திராவிடச் சொல்லில் முடிகிறது என்பர் மொழியறிஞர் பலர். 1498இல் வாஸ்கோ ட காமா வருமுன்னரே அரபு வணிகர் கைமாறி இந்திய இஞ்சி அங்குச் சென்றது. சரக்கோடு சொல்லும் சென்றது.

தமிழகத்துச் சித்த மருத்துவம் மருந்தின் ஆயுளையும் அளந்தது. அகமருந்து 32, புறமருந்து 32 என வகுத்து, சூரணத்துக்கு 3 மாதம், இலேகியத்துக்கு 6 மாதம், செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு என வரையறுத்தது. ஆயின், மருந்தின் பெயரும் செய்முறையும் பெரிதும் பாட்டிலேயே வாழ்ந்தன. அதுவும் பரிபாஷை என்னும் மறைசொற்களில். சாடியின் எழுத்தை எழுத்தறிந்தார் எவரும் படிக்கலாம். பாட்டின் மறைபொருளையோ ஆசான் வாய்க்கேட்டே அறிதல் வேண்டும். ஆசான் மரபு அறுந்த இடத்தில் ஏடு இருக்கும், மருந்து இராது.

அங்கே கலம் பெயர் தாங்கியது போலத் தமிழில் நூல் மருந்தின் பெயர் தாங்கிற்று. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் நல்லாதனார் நூலுக்குத் 'திரிகடுகம்' எனப் பெயராயின. ஐவகை வேர்கள் காரியாசானின் 'சிறுபஞ்சமூலம்' ஆயின. ஏலம் முதலிய ஆறு பொருள்கள் கணிமேதாவியாரின் 'ஏலாதி' ஆயின. உடல்நோய்க்கு மருந்துபோல உள்ளநோய்க்கு அறம் என்பதே அப்பெயர்களின் கருத்து. இத்தாலியக் குயவர் வண்ணத்தால் செய்ததை இப்புலவர்கள் வெண்பாவால் செய்தனர் எனலாம்.

பொத்தேரிக்கு வடக்கே, தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்துறையின் மூலநூல்கள் பலவும் செய்யுளாகவே இருப்பதால், யாப்பும் சொற்பொருளும் அறிந்தோர்க்கு அங்கே பணி உண்டு. ஒரு சொல்லைப் பிழைபடப் பொருள்கொண்டால் மருந்தே மாறிவிடும். பாட்டைக் காப்பது கலத்தைக் காப்பதாகும் என்பதைக் கவிஞர் மறத்தலாகாது.