கடலுக்கு இரும்பு இட்ட வரலாறு

தென்முனைக் கடலிலும் பசிபிக்கின் சில பகுதிகளிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாக இருந்தும் மிதவைப் பாசி குறைவு. இரும்புப் பற்றாக்குறையே காரணம் என்ற ஊகம் 1930களிலேயே எழுந்தது. ஆனால் கப்பலின் துருவும் எஃகு வடமும் மாதிரி நீரைக் கெடுத்ததால், கடல்நீரில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதை நெடுங்காலம் சரியாக அளக்க முடியவில்லை. 1980களில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தில் ஜான் மார்ட்டின், இரும்பு படாத கலன்களால் நீர் எடுத்து அளந்தார். இருந்தது மிகச் சொற்பம். இரும்பைச் சிறிதளவு சேர்த்த புட்டிகளில் பாசி செழித்தது.

1993 ஜூனில் மார்ட்டின் மறைந்தார். அதே ஆண்டு அவருடைய சகாக்கள் கலபாகஸ் தீவுகளுக்கு அருகே 64 சதுர கி.மீ. பரப்பில் சுமார் 450 கிலோ இரும்பை இட்டார்கள். இரும்பு சல்பேட்டை அமிலம் கலந்த கடல்நீரில் கரைத்து, ஓடும் கப்பலின் பின்னால் விட்டுக்கொண்டே போனார்கள். பாசி பெருகியது. 1995இல் மீண்டும் செய்தபோது நீலக் கடல் பச்சையானது.

பாசி வளரும்போது கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. ஆனால் பாசி வளர்ந்தால் மட்டும் போதாது. அது ஆழத்துக்கு இறங்கினால்தான் கரியமில வாயு நீண்ட காலம் காற்றுக்குத் திரும்பாது. மேல்மட்டத்திலேயே இரையானால் பெரும்பகுதி திரும்பிவிடும். 2004இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனம் தென்முனைக் கடலின் ஒரு நீர்ச்சுழலில் நடத்திய சோதனையில், சிலிக்கா ஓடுள்ள டையாட்டம் பாசிகள் திரளாக மடிந்து 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கின.

2009இல் அந்நிறுவனமும் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் இணைந்து நடத்திய இரும்புச் சோதனை லோஹாஃபெக்ஸ். கேப் டவுனிலிருந்து போலார்ஷ்டெர்ன் கப்பல் ஜனவரியில் புறப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. ஜெர்மன் அரசு வேலையை நிறுத்திவைத்து, மாத இறுதியில் அனுமதித்தது. தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கி.மீ. பரப்புக்கு இரும்பு இடப்பட்டது. அந்த நீரில் சிலிக்கா ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் டையாட்டம் வளரவில்லை. வளர்ந்த மென்மையான பாசிகளைக் கோப்பிபாட் என்னும் நுண் இறால்வகை உயிரிகள் மேய்ந்தன. அவற்றைச் சற்றுப் பெரிய ஓட்டுடலிகளான ஆம்பிபாடுகள் தின்றன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. இதைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு; இரும்பு இட்ட இடமெல்லாம் பலன் தராது என்பதைத் தெளிவாகக் காட்டிய சோதனை இதுதான்.

இதற்குள் இரும்பு இட்டு, உறிஞ்சப்படும் கரியமில வாயுவின் பெயரில் கார்பன் வரவு (கார்பன் கிரெடிட்) விற்க நினைத்த நிறுவனங்களும் கிளம்பியிருந்தன. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள், ஆய்வு தவிர வேறு நோக்கத்துக்கு இரும்பு இடக் கூடாது என்று 2008இல் தீர்மானித்தன. அதையும் மீறி 2012இல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு மேற்கே, சால்மன் மீன்வளத்தைப் பெருக்கவென்று சுமார் 100 டன் இரும்பு சல்பேட் கொட்டப்பட்டது. மறு ஆண்டு, அத்தடையைச் சட்டமாக்கும் திருத்தத்தை, அவ்வுடன்படிக்கையின் புதுப்பித்த வடிவமான லண்டன் நெறிமுறையின் நாடுகள் ஏற்றன.