மெலிய வைக்கும் மாத்திரைகள்: ஒரு நூற்றாண்டு வரலாறு



ஆசிரியர் அறைகளில் பயிற்சிப் புத்தகக் குவியல்களுக்கு நடுவே அவ்வப்போது சில பெட்டிகள் தலைகாட்டும். ஒரு மாதம் முகப்பொலிவுக் களிம்பு; மறு மாதம் உடலை மெலியச் செய்யும் காப்பித் தூள். “முழுக்க முழுக்க மூலிகை; பக்கவிளைவே கிடையாது” என்னும் உறுதிமொழியும் கூடவே வரும். பெரியவர்கள் வாங்குவதோடு இது நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திருக்காது. இடைநிலைப்பள்ளியில் பயிலும் பெண்பிள்ளைகளும் இணைய அங்காடிகளில் இத்தகைய பொட்டலங்களைத் தேடத் தொடங்கியுள்ளனர் என்பதைப் பெற்றோர் சிலர் கவலையோடு கூறக் கேட்கிறோம்.

இம்மாத்திரைகள் பயன் தருமா? தீங்கற்றவையா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட மருத்துவப் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. கடந்த நூறாண்டுகளுக்கு மேலான வரலாற்றைப் புரட்டினாலே பெரும்பகுதி விளங்கிவிடும்.

தைராய்டுச் சாறும் ஒரு விந்தையான தீர்ப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைராய்டுச் சுரப்பி குன்றியவர்களுக்கு விலங்குகளின் சுரப்பிச் சாற்றைக் கொடுத்துக் குணப்படுத்தும் முறை இங்கிலாந்தில் தோன்றியது. 1891இல் ஜார்ஜ் மர்ரி என்னும் மருத்துவர் இதனை முதன்முதலில் செய்து காட்டினார். சாற்றை உட்கொண்ட நோயாளிகளின் எடையும் குறைந்தது. உடனே, சுரப்பி நன்றாகவே இயங்கும் பருமனானவர்களுக்கும் அதனைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. எடை குறைந்தது உண்மைதான். ஆனால், நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமும் சேர்ந்தே வந்தன. குறைந்த எடையில் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் அடங்கியிருந்தது.

அமெரிக்காவில் ‘மார்மோலா’ என்னும் பெயரில் இத்தகைய மாத்திரை பல்லாண்டுகள் விற்பனையானது. விளம்பரம் மக்களை ஏமாற்றுகிறது எனக் கூட்டரசு வாணிப ஆணையம் தடை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1931இல் வந்த தீர்ப்பு ஆணையத்திற்கு எதிரானது. போட்டி வணிகர்களுக்கு நட்டம் ஏற்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே, தலையிட ஆணையத்திற்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். உண்டவனின் உடல் கெட்டது கணக்கில் வரவில்லை. விற்றவனின் போட்டியாளன் நட்டப்பட்டானா என்பதே கணக்கு! சட்டம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1938இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

வெடிமருந்துச் சாலையிலிருந்து வந்த மருந்து

முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் கண்டு, மெலிந்தனர். சிலர் மாண்டனர். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டிங், டெயின்டர் ஆகியோர் இந்த மெலிவையே மருத்துவமாக்கலாம் எனக் கட்டுரைகள் வெளியிட்டனர். ஓராண்டுக்குள் ஏறத்தாழ 100,000 அமெரிக்கர்கள் இதனை உட்கொண்டிருந்தனர் என டெயின்டர் குழுவினரே மதிப்பிட்டனர்.

இப்பொருள் செயல்படும் விதத்தை மாணவர்களுக்கு விளக்குவது போலவே விளக்கலாம். நம் உயிரணுக்களில் உணவு எரிந்து, அதன் ஆற்றல் உடலுக்குப் பயன்படும் வடிவில் சேமிக்கப்படுகிறது. அணைக்கட்டில் தேங்கிய நீர் மின்சுழலியைச் சுற்றுவது போன்ற அமைப்பு அது. டைநைட்ரோஃபீனால் அந்த அணையில் துளையிட்டுவிடுகிறது. நீர் வீணாக வழிந்தோடுகிறது. ஆற்றல் வெறும் வெப்பமாகிறது. ஈடுகட்ட உடல் மேலும் மேலும் கொழுப்பை எரிக்கிறது. ஆகவே, எடை குறைவது திண்ணம். ஆனால், அளவு சற்று மிகுந்தாலும் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, மனிதன் உள்ளிருந்தே வெந்துபோகிறான். இதற்கு முறிவு மருந்து இன்றளவும் இல்லை.

இளம்பெண்கள் பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது, பார்வை போயிற்று. அரசு ஏன் உடனே தடுக்கவில்லை எனக் கேட்கலாம். 1906ஆம் ஆண்டின் சட்டப்படி நோயைத் தீர்ப்பதே மருந்து. உடற்பருமன் நோயாகக் கருதப்படவில்லை. ஆதலால், மெலிவுப் பொருள்கள் சட்டத்தின் கைக்கு அகப்படவில்லை. 1938இல் புதிய உணவு, மருந்து, ஒப்பனைப்பொருள் சட்டம் வந்த பின்னரே இது மனிதர் உட்கொள்ளத் தகாதது என ஒதுக்கப்பட்டது. கதை அத்தோடு முடியவில்லை. இணையம் வந்தபின் அதே மஞ்சள் தூள் மீண்டும் விலைக்கு வந்தது. பிரிட்டனில் இளையோர் சிலரின் உயிரைக் குடித்தது. 2023 அக்டோபரில்தான் அந்நாடு அதனை நச்சுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

வானவில் மாத்திரைகள்

அடுத்து வந்தது ஆம்ஃபெட்டமின். பசியை அடக்கும்; உறக்கத்தைக் கெடுக்கும்; அடிமையாக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஆம்ஃபெட்டமின், தைராய்டு, சிறுநீர் பெருக்கி, இதய மருந்தான டிஜிட்டாலிஸ் ஆகியவற்றைப் பல வண்ணங்களில் கலந்து ‘வானவில் மாத்திரைகள்’ எனக் கொடுக்கும் தனி மருந்தகங்களே பெருகின. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வண்ணச் சேர்க்கை கிடைத்ததால், தமக்கென்றே தயாரிக்கப்பட்ட மருந்து என்ற மயக்கம் நோயாளிக்கு ஏற்பட்டது. சிறுநீர் பெருக்கியால் உடலின் பொட்டாசியம் வற்றும். அந்நிலையில் டிஜிட்டாலிஸ் இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். 1968இல் ‘லைஃப்’ இதழின் செய்தியாளர் ஒருவர், பருமனே இல்லாத தாம், பல மருந்தகங்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கான மாத்திரைகளை எளிதாகப் பெற்றதை எழுதினார். அதே ஆண்டில் அமெரிக்க செனட் அவை விசாரணை நடத்தியது. வானவில் மறைந்தது.

ஃபென்-ஃபென் காய்ச்சல்

1992இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வைன்ட்ராப் 121 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் ஆகிய இரண்டையும் சேர்த்து உண்டவர்கள் 34 வாரங்களில் சராசரியாக 14.2 கிலோ குறைந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களோ 4.6 கிலோ குறைந்தனர். இரு குழுவினருக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். இவ்விரு மருந்துகளின் கூட்டுக்கு அரசு ஒப்புதல் ஒருபோதும் வழங்கப்படவில்லை. ஆயினும், 1996இல் மட்டும் அமெரிக்காவில் 1 கோடியே 80 இலட்சம் மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன.

1997 ஆகஸ்டில் மேயோ மருத்துவ நிலையத்தாரும் வடடகோட்டாவின் ஃபார்கோ நகர மருத்துவர்களும் 24 பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அனைவரும் இம்மருந்துகளை உண்டவர்கள். அனைவருக்கும் இதய அடைப்பிதழ்கள் தடித்து, இரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. இதனை முதலில் கவனித்தவர் ஃபார்கோவில் இதய ஒலிப்படம் எடுக்கும் தொழில்நுட்பர் ஒருவர். இளம் வயதினரிடம் காணக்கூடாத கோளாற்றை மீண்டும் மீண்டும் கண்ட அவர், அவர்கள் உண்ட மருந்தைக் குறித்துவைத்தார். பேராசிரியர்கள் தவறவிட்டதை ஒரு பணியாளரின் பொறுமை பிடித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. (2020இல் அதே மருந்து, கடுமையான ஒருவகை வலிப்பால் துன்புறும் குழந்தைகளுக்காக, இதயப் பரிசோதனைக் கட்டுப்பாட்டோடு ஒப்புதல் பெற்று மீண்டு வந்தது என்பது வேறு கதை.)

பிரான்சு இன்னும் தாமதித்தது. அங்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த பென்ஃப்ளூரெக்ஸ், ‘மீடியாட்டர்’ என்னும் பெயரில் 1976 முதல் 2009 வரை விற்கப்பட்டது. நுரையீரல் மருத்துவர் இரேன் ஃபிராஷோன் அம்மையார் விடாது போராடியதால்தான் உண்மை வெளிப்பட்டது. 2021இல் பாரிசு நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

நம் வாசலில் நடந்தது

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என ஒதுக்க இயலாது. 2002இல் சிங்கப்பூரில் ‘ஸ்லிம் 10’ என்னும் மாத்திரை சீன மரபு மருந்து என்ற பெயரில் விற்கப்பட்டது. தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ் அதனைச் சில மாதங்கள் உட்கொண்டார். அவர் பருமனானவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லீரல் முற்றாகச் செயலிழந்தது. அவரை மணக்கவிருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலில் ஒரு பகுதியை ஈந்ததால் உயிர் பிழைத்தார். அதே மாத்திரையை உண்ட மற்றொரு பெண்மணி பிழைக்கவில்லை.

மூலிகை எனச் சொல்லப்பட்ட மாத்திரையில் இருந்தது என்ன? ஐந்தாண்டுகளுக்கு முன் உலகம் கைவிட்ட ஃபென்ஃப்ளூரமின்; அதனோடு தைராய்டுச் சத்தும். ஃபென்ஃப்ளூரமினின் வேதியியல் அமைப்பைச் சற்றே மாற்றிய நைட்ரோசோ-ஃபென்ஃப்ளூரமினும் இருந்தது. வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனைக்கு அகப்படாதிருக்கவே இம்மாற்றம் செய்யப்பட்டது எனக் கருதப்படுகிறது. அக்காலத்தில் சப்பானிலும் சீனத்து மெலிவு மாத்திரைகளால் நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அங்கும் இதே பொருள் கண்டறியப்பட்டது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2003இல் இறக்குமதியாளரும் விநியோகிப்பாளரும் இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. “நான் தயாரிக்கவில்லை, விற்கத்தான் செய்தேன்” என்னும் வாதம் செல்லவில்லை. மேசைக்கு மேசை பொட்டலம் விற்கும் நண்பர்கள் இத்தீர்ப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இன்று அந்த இடத்தைச் சிபுட்ரமின் பிடித்திருக்கிறது. 1997இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்தை ஏறத்தாழ 10,000 பேரிடம் சோதித்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கும், மருந்து உண்டவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. 2010இல் அது பல நாடுகளில் மீட்கப்பட்டது. ஆனால், மெலிவுக் காப்பி, சாக்லேட், பழச்சாறு எனப் பல உருவில் அது கலக்கப்படுவதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் திரும்பத் திரும்ப அறிவித்து வருகின்றன. ஒரு ‘மூலிகைக் காப்பி’ மூன்றே நாளில் பசியை முற்றாக அடக்கி, வாயை உலரச் செய்து, நெஞ்சைப் படபடக்க வைத்தால், அதில் மூலிகையைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது என ஐயுறுவதே அறிவுடைமை.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு பெற்ற மருந்துகளுக்கு ‘மால்’ எனத் தொடங்கும் எண் உண்டு. அவ்வெண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். எண் இருப்பது பதிவுக்குச் சான்று. எடை குறையும் என்பதற்கு அன்று.

குடம்புளியின் கதை

உண்மையிலேயே மூலிகையாக இருந்தால்? கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்புக்கு இடும் குடம்புளியை நாம் அறிவோம். நம் நாட்டு ஆசாம் கெப்பிங்கின் உறவுக்காரன். அதன் சாறு ‘கார்சினியா கம்போஜியா’ என்னும் பெயரோடு கொழுப்பைக் கரைக்கும் மாத்திரையாகி உலகெங்கும் விலைபோகிறது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில் 135 பேர் 12 வாரங்கள் பங்கேற்றனர். சாறு உண்டவர்கள் 3.2 கிலோவும், வெற்று மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோவும் குறைந்தனர்! இவ்வேறுபாடு தற்செயலானதே, சாற்றால் பயனில்லை என்பதே ஆய்வின் முடிவு. இச்சாறு அடங்கிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. குழம்பில் இடும் புளிக்கும் செறிவூட்டிய சாற்றுக்கும் வேறுபாடு உண்டு. மீன் குழம்பை அஞ்ச வேண்டியதில்லை.

இன்றைய நிலை

எல்லா மருந்தும் பொய் எனச் சொல்வதும் முறையாகாது. 1999இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஆர்லிஸ்டாட் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதை ஏறத்தாழ 30 விழுக்காடு தடுக்கிறது. வெற்று மாத்திரையைவிட ஓராண்டில் 3 கிலோ அளவுக்குக் கூடுதலாகக் குறையும். எண்ணெய் கலந்த கழிச்சல் என்னும் தொல்லையால் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர்.

பெரிய மாற்றம் அண்மையில் வந்தது. குடலில் சுரக்கும் ஒரு சுரப்புநீரைப் போல் செயல்படும் செமாக்ளூடைடு ஊசிமருந்து 2021இல் எடைக்குறைப்புக்கு ஒப்புதல் பெற்றது. 1,961 பேரிடம் 68 வாரங்கள் நடந்த ஆய்வில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. வெற்று ஊசியில் 2.4 விழுக்காடு. 2023இல் வெளிவந்த, 17,604 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் உள்ள பருமனானவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் 20 விழுக்காடு குறைந்தன. இதற்கு முந்தைய மருந்துகள் இதயத்தைக் கெடுத்த வரலாற்றோடு ஒப்பிட்டால் இது சிறிய செய்தி அன்று.

குமட்டலும் வாந்தியும் இதன் பொதுவான தொல்லைகள். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியவை அரிதாக நேரலாம். மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை மீண்டும் பெற்றனர். ஆகவே, திருமணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொண்டு விட்டுவிடும் மருந்தாக இதனைக் கருதக்கூடாது. இரத்த அழுத்த மருந்தைப் போல் நெடுங்காலம் தொடர வேண்டியிருக்கும். விலையும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையே. தேவை பெருகியதால் போலிகளும் புறப்பட்டுவிட்டன. 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் போலிச் செமாக்ளூடைடு பற்றி எச்சரிக்கை விடுத்தது.

இம்மருந்து மருத்துவரின் சீட்டோடு, உடற்பருமன் அளவையும் உடனிருக்கும் நோய்களையும் கணக்கிட்ட பின்னரே வழங்கப்படுவது. பதின்ம வயதினரில் உண்மையாகவே கடும் பருமன் உள்ளவர்களுக்கும் மருத்துவர் பரிந்துரைக்கலாம். வகுப்பில் யாரோ கேலி செய்தார்கள் என்பதற்காக இணையத்தில் பொட்டலம் தேடும் 14 வயதுச் சிறுமிக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. அவள் பையில் அத்தகைய பொட்டலம் கிடைத்தால், ஏசுவதற்கு முன் அதனை எறியாமல் எடுத்துவைத்து, எத்தனை நாளாக உட்கொண்டாள் எனக் கேட்டறிந்து, பொட்டலத்தோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண் மஞ்சளாகியிருந்தாலோ, சிறுநீர் கருத்திருந்தாலோ, படபடப்பு இருந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.