தக்ளியும் இலவம்பஞ்சும்



நேற்று என் பேத்தி பழைய தகரப் பெட்டியைக் குடைந்து ஒன்றை எடுத்து வந்து, "அம்மாச்சி, இது பம்பரமா?" என்று கேட்டாள். வட்டமான பித்தளை வில்லை, நடுவில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் சின்னக் கொக்கி. தக்ளி! என்னிடம் படித்த மூத்த செட் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகவும், நெடுநாளாக என் மனசில் கிடக்கிற ஒரு விஷயத்துக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மதுரையில், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். ராட்டை அதற்குள்ளாகவே அரசியலாகிவிட்டது. 1924-இல் பெல்காம் காங்கிரஸில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். உறுப்பினராக இருக்க வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும். சந்தாவாகக் காசு இல்லை, நூல்! மறு வருஷமே அந்த விதி தளர்ந்துவிட்டது. ஆனாலும் நாலு பேர் கூடி உட்கார்ந்து நூற்கிற வழக்கம் ஊர் ஊராக நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குள் நூற்பு வந்தது 1937-க்குப் பிறகு. அந்த வருஷம் அக்டோபரில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு கூடியது. ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கைத்தொழிலை நடுவில் வைத்துக் கணக்கு, மொழி, வரலாறு எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும் என்பதுதான் ஆதாரக் கல்வி. ராட்டை வாங்க முடியாத பள்ளியிலும் தக்ளி வாங்க முடியும். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தைத் தொடங்கியதும் இந்தக் கல்விமுறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு தாய்வீடு கிடைத்த மாதிரி ஆயிற்று.

நான் படித்த பள்ளியில் அக்டோபர் 2, ஜனவரி 30 இரண்டு நாளும் நூற்பு வேள்வி நடக்கும். முன்வரிசை, பின்வரிசை கிடையாது. வட்டமாக உட்கார வேண்டும், பேசக் கூடாது. ஒரே கூடையிலிருந்து ஆளுக்கொரு பஞ்சுப் பட்டை. அறுந்த நூலை ஒட்டத் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை ஒட்டிக் கொடுக்கும். டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்திருந்த காலம் அது. வெளியே தொட்டுக்கொள்ளாத கைகள் இந்த வட்டத்துக்குள் ஒரே நூலைத் தொட்டன. அன்று எனக்கு அது புரியவில்லை. என் நூல் அறுந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் என் கவலை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ராஜாஜி பெரிய கதர்க்காரர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இலேயே காந்தி ஆசிரமம் தொடங்கியவர். அவர் முதல்வராக இருந்தபோது 1953-இல் கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப் பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இது குலக்கல்வி என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலைச் சேர்ந்து பழகுவது ஒன்று. அவரவர் அப்பன் தொழிலுக்கு அவரவரைத் திருப்பி அனுப்புவது வேறொன்று. பார்வைக்கு இரண்டும் கைத்தொழில்தான்.

இனி இலவம்பஞ்சுக்கு வருகிறேன்.

நம் மலைச்சரிவில் மேலே ஏலம், காப்பி, கீழே இலவமரம். குரங்கணி, கொட்டகுடி, முந்தல், அகமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கோடை தொடங்கும்போது காய் முற்றும். தொரட்டியால் பறித்து, களத்தில் காயப்போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்துப் பஞ்சை எடுப்பார்கள். பஞ்சு பறக்காதபடி அடைத்த இடத்தில் போட்டுக் குச்சியால் அடித்து விதையைப் பிரிப்பார்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டியிருப்பார்கள். அப்படியும் புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். ஊரில் மெத்தையும் தலையணையும் ஆவது இந்தப் பஞ்சுதான்.

பயிற்சி முடித்து, மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் வேலையில் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில். நூற்பு வகுப்பு அப்போதே மங்கிக்கொண்டிருந்தது. நான் மட்டும் விடாமல் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தக்ளியை எடுப்பேன். ஒரு நாள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை நிறைய இலவம்பஞ்சு கொண்டு வந்தாள். "டீச்சர், இத நூத்தா என்ன? எங்க வீட்ல மூட மூடயா கெடக்கு!"

நூற்றுப் பார்த்தோம், நிற்கவே இல்லை. பருத்தி இழையில் இயற்கையாகவே முறுக்கு உண்டு, அதனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இலவம் இழை குட்டை, மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே வெறும் காற்று. வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் காற்றினால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவைகளில் அடைத்ததும் அதனால்தான். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி அன்றைய வகுப்பை அருமையாக முடித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் அந்தப் பெண் வரவில்லை. தேடிப் போனேன். களத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தாள், இருமிக்கொண்டே. "பரீட்சை வருது, அனுப்பாம இருக்கீங்களே" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அந்த அம்மா தலை நிமிரவில்லை. "டீச்சரம்மா, ஒங்க பள்ளிக்கூடத்துல நூக்குற நூலு யாருக்குப் போகுது? இங்க ஒடச்சா சாயங்காலம் கூலி" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் பரீட்சைக்கு வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது என் கைதான். விதிப்படி சரி. இன்னும் இரண்டு தடவை அந்தக் களத்துக்கு நடந்திருக்கலாமே என்று நாற்பது வருஷமாக உறுத்துகிறது. 1954-இல் கைவிடப்பட்ட திட்டத்தை அந்த வீட்டில் வறுமை சத்தமில்லாமல் நடத்திக்கொண்டிருந்தது. நானோ வகுப்பில் உழைப்பின் பெருமையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன்.

நம் பகுதியில் பஞ்சைச் சுற்றி இரண்டு வட்டங்கள் உட்கார்ந்தன. ஒன்றுக்குத் தலைவர்கள் வந்தார்கள், அது புத்தகத்தில் ஏறியது. மற்றதில் உட்கார்ந்த பெண்கள் பஞ்சு முடிந்தால் ஏலக்காய் பொறுக்கவும், ஜீப்பேறிப் போடிமெட்டுத் தாண்டித் தோட்ட வேலைக்கும் போனார்கள். அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நூல் நூற்றவர்கள் வரலாறு என்றால் காய் உடைத்தவர்களும் வரலாறுதான். இதை வகுப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ இலவங்காய் உடைத்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் களம், என்ன கூலி, வேலையின்போது என்ன பேசுவார்கள், கைக்குழந்தையை எங்கே படுக்க வைப்பார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை டீச்சர் மார்க் குறைக்க மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பஞ்சை நூற்கக் கொண்டு வந்தவள் என்று சொன்னாலே அவள் கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அவளைப் பார்த்தால், டீச்சர் விசாரித்தார்கள் என்று சொல்லுங்கள். தக்ளியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்